மலைக் கிராமத்துக்கு ஒரு மாலை வண்டி

 

வெளிநாட்டுப் பயணம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. நாம் சபுராளிகளின் பிள்ளைகள். பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறிய பாட்டனார்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தோம். வளைகுடாவுக்கு விமானம் ஏறிய தந்தையரையும் தமையன்மாரையும் வழியனுப்பி வைத்தோம். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் வாசலில் நின்று வழியனுப்பியவர்களாகவே இருந்து விட்டார்கள். ஹஜ், உம்ராவைத் தவிர அவர்கள் கடல் கடந்தது அரிது. அப்படிப்பட்ட ஒரு தாய், தன் மகனைக் காண்பதற்காக அந்நிய நாடொன்றில் மாலைப் பொழுதில் ரயிலேறி மலைமீதுள்ள கிராமத்துக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு எவ்வாறு திட்டமிடுவது? சென்ற இரண்டு மாதங்களாக என்னை விட்டு அகலாத கேள்வி இது. இதற்காகத் தேடியதில் தெரிந்து கொண்டவை உங்களில் சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

பயணத்தின் காரணம்

என் மூத்த சகோதரியை நாங்கள் லாத்தா என்று அழைப்போம். ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் உண்டு. அவருடைய மகன், அதாவது என் மருமகன், சுவிட்சர்லாந்து நாட்டில் வெங்கன் என்ற மலைக் கிராமத்தில் சமையற்காரராக இருக்கிறார். அங்கு வரும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு நம் நாட்டு உணவைச் சமைத்துத் தரும் வேலை. 2019-ஆம் ஆண்டு புறப்பட்டுச் சென்றவர். 2021-இல் அவருடைய தகப்பனார் மவுத்தானபோது நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளால் வர முடியாமற் போயிற்று. ஜனாஸாவைத் தொலைபேசித் திரையில் பார்த்துக் கலங்கினார். அதன் பிறகு தங்கையின் திருமணக் கடன் அடையும் வரை ஊருக்கு வரும் செலவு வேண்டாமென்று இருந்து விட்டார். கடன் சென்ற ஆண்டு அடைந்தது. தாம் வருவதற்குப் பதில் தாயை வரவழைத்து மூன்று வாரம் தம்முடன் வைத்திருக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. மஹ்ரமாக உடன் செல்லும் பொறுப்பு என்னுடையது.

வரும் ஜனவரி மாதக் கடைசி வாரத்தில் பயணம். அம்மாதத்தின் நடுவில் அவ்வூரில் லௌபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. 1930 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற போட்டியாம் அது. அது முடிந்தபின் சில நாட்கள் கூட்டம் சற்றுக் குறையும் என்பதால் மருமகன் அந்த வாரத்தைத் தேர்ந்தார். எனினும் மாலை வேளையில் சமையற்கட்டை விட்டு அவரால் நகர முடியாது. விமான நிலையத்துக்கு வந்து அழைத்துச் செல்லவும் இயலாது. எங்கள் விமானம் ஜூரிச் நகரில் பிற்பகல் மூன்றேகால் மணிக்கு இறங்குகிறது. அங்கிருந்து வெங்கன் வரை நாங்கள் இருவருமாகத்தான் போய்ச் சேர வேண்டும்.

உறவினர்கள் பலரும், "ராத்திரியில் எதற்கு மலையேறணும்? ஜூரிச்சிலேயே ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் போங்களேன்" என்றார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் லாத்தா ஒப்பவில்லை.

"தம்பி, ஆறு வருஷம் பொறுத்தாச்சு. அவன் இருக்கிற நாட்டுல கால் வச்ச பிறகு, அவன் முகத்தைப் பார்க்காம வேற எடத்துல எனக்கு எப்படிப்பா உறக்கம் வரும்?"

இதற்குமேல் என்ன பேசுவது? அன்று முதல் இரவு தங்குவது பற்றிய பேச்சை விட்டுவிட்டு, மாலை வண்டியைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினேன்.

வழி எப்படி?

ஜூரிச் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தலைநகரான பெர்ன் வரை விரைவு வண்டியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பெர்னில் இறங்கி வேறு வண்டி மாறினால், தூன் ஏரியின் கரையோரமாக இன்டர்லாக்கன் ஓஸ்ட் வரை ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம். அங்கே அகல ரயில் பாதை முடிந்து விடுகிறது. 1890-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குறுகிய பாதை ஒன்று அங்கிருந்து பள்ளத்தாக்கினுள் இருபது நிமிடத்தில் லௌட்டர்புருன்னன் என்னும் ஊருக்குக் கொண்டு சேர்க்கிறது. அது 795 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குமேல் பல்சக்கர ரயில். ஏறத்தாழ கால் மணி நேரத்தில் 1274 மீட்டர் உயரத்திலுள்ள வெங்கனுக்கு அது ஏறிவிடும்.

இந்தப் பல்சக்கரப் பாதை 1893-இல் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 80 சென்டிமீட்டர்தான். வெங்கனுக்குப் போக இதுவே வழி. பொதுமக்களின் வாகனங்கள் செல்லும் சாலை கிடையாது. கார் வைத்திருப்பவர்களும் அதைக் கீழே லௌட்டர்புருன்னனில் நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டியதுதான். ஆகவே கடைசி வண்டியைத் தவறவிட்டால் வாடகைக் கார் பிடித்துப் போய்விடலாம் என்ற நினைப்புக்கு இங்கே இடமில்லை. இதை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பல்சக்கர ரயில் என்றதும் லாத்தா சற்று மிரண்டார். "நம்ம ஊட்டி ரயில் மாதிரிதான் லாத்தா" என்றேன். அது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கிய நம் மலை ரயிலின் பற்தண்டவாள முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். அந்தப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின்கள் பலவும் அந்நாட்டின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவையே. சிறுவயதில் ஊட்டிக்குப் போனபோது அந்த ரயிலில் கடலை கொறித்துக்கொண்டு ஏறியவர் லாத்தா. "அப்படியானா பயமில்லே" என்று சொல்லிவிட்டார்.

முடிச்சுப் போட்ட கால அட்டவணை

அந்நாட்டு ரயில்களைப் பற்றி எல்லோரும் சொல்வது, அவை நேரம் தவறாதவை என்பது. அதைவிட முக்கியமான ஒன்றை அட்டவணையைப் பார்த்தபோது அறிந்தேன். 1982-ஆம் ஆண்டு அவர்கள் நாடு முழுவதற்கும் ஒரே சீரான அட்டவணையைக் கொண்டு வந்தார்கள். ஓர் ஊரிலிருந்து ஒரு வண்டி ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் புறப்படும். எட்டு மணிக்கு மூன்று நிமிடம் கழித்து ஒரு வண்டி உண்டென்றால் ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் மூன்று நிமிடம் கழித்து உண்டு. பிறகு, 1987-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற ஒரு பெருந்திட்டத்தின்படி, பெரிய சந்திப்புகளில் எல்லாத் திசை வண்டிகளும் மணி நிறைவதற்குச் சற்று முன் வந்து கூடி, மணி நிறைந்த சற்றுப் பின் பிரிந்து செல்லுமாறு அமைத்தார்கள். 2004-இல் ஜூரிச்சுக்கும் பெர்னுக்கும் இடையிலான பயணத்தை ஒரு மணிக்கும் குறைவாக்கியது இதற்காகத்தான். எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பது அவர்களுடைய கணக்கன்று. அடுத்த சந்திப்பில் மற்ற வண்டிகளுடன் கூடுவதற்கு எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவு வேகம். அதுவே அவர்களுடைய கணக்கு.

இந்த ஏற்பாட்டினால், கைபேசியில் புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் குறிப்பிட்டவுடன், ஜூரிச் விமான நிலையம் முதல் வெங்கன் வரை மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஒரு பயணம் அழகாக விரிந்து விடுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில நிமிடங்களே இடைவெளி. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி ஏது?

ஆனால் அந்தச் சில நிமிடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முழங்கால் வலியுள்ள ஒரு பெண்மணி, இரண்டு பெட்டிகள், பழகாத படிக்கட்டுகள். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. மக்ரிபையும் இஷாவையும் எங்கே தொழுவது?

வண்டியும் வக்தும்

நான் மதரஸாவில் பிக்ஹு பாடம் நடத்துகிறவன். முஸாபிருடைய தொழுகையைப் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அந்தப் பாடம் கால அட்டவணை ஒன்றுடன் இவ்வளவு நெருக்கமாக வந்து அமரும் என்று எண்ணியதில்லை.

கணக்கு இதுதான். ஜனவரி இறுதியில் அங்கே சூரியன் மாலை ஐந்தேகால் மணியளவில் மறைகிறது. இஷாவுடைய வக்து ஏழு மணியளவில் நுழைகிறது. மூன்றேகாலுக்கு இறங்கி, கடவுச்சீட்டுச் சோதனையை முடித்துப் பெட்டிகளைப் பெற்று வர நாலரை ஆகலாம். விமானத்தில் ளுஹருடைய வக்திலேயே பிற்படுத்தும் நிய்யத்தை வைத்துக்கொண்டால், விமான நிலையத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக உள்ள வழிபாட்டு அறையில் ளுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சேர்த்துத் தொழுதுவிடலாம். அதன்பின் ஐந்து மணியளவில் வண்டி ஏறினால், மக்ரிப் நுழையும்போது வண்டிக்குள் இருப்போம். இன்டர்லாக்கன் ஓஸ்ட் சேரும்போது ஏழரை ஆகிவிடும். வெங்கனுக்குப் போய்ச் சேரும்போது எட்டரை.

இதை என் மாணவர்களுக்கு ஒரு கணக்காகவே போட்டேன். கரும்பலகையில் ஊர்களையும் நேரங்களையும் எழுதிவிட்டு, "ஷாபியீ மத்ஹபைச் சேர்ந்த ஒரு முஸாபிர் மக்ரிபையும் இஷாவையும் எங்கே தொழ வேண்டும்?" என்று கேட்டேன். ஒரு மாணவர் உடனே எழுந்து, "மக்ரிபைப் பிற்படுத்தி, ஊர் போய்ச் சேர்ந்து இஷாவுடன் ஜம்உ செய்யலாம் ஹஜ்ரத்" என்றார். பெரும்பாலோர் அதுவே சரி என்று தலையசைத்தார்கள்.

அங்கேதான் சிக்கல் இருக்கிறது. வெங்கனில் நாங்கள் தங்கப் போவது மூன்று வாரம். வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி நான்கு நாட்கள் தங்கும் எண்ணத்துடன் ஓர் ஊரை அடைந்தால், ஷாபியீ மத்ஹபின்படி அங்கே பயணம் முடிந்து விடுகிறது. பிற்படுத்திச் சேர்த்துத் தொழுவதற்கோ, இரண்டு தொழுகைகளும் முடியும்வரை பயணம் நீடிக்க வேண்டும். ஆகவே வெங்கன் மண்ணில் கால் வைத்தபின் தொழுதால் மக்ரிப் களாவாகி விடும். இஷாவும் நான்கு ரக்அத்துதான். சலுகை வழியில்தான் உண்டு. வீட்டு வாசலில் இல்லை.

ரயிலுக்குள் தொழலாமே என்றார் மற்றொருவர். கடமையான தொழுகைக்கு நிலையும் கிப்லாவும் வேண்டும். வளைந்து வளைந்து செல்லும் வண்டியில் கிப்லாவைக் காப்பது எப்படி? இறங்கித் தொழ வழியிருக்கும்போது அதை விடலாகாது. பெர்ன் நகரில் 2014-இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லம் என்ற கட்டடத்தில் ஒரு பள்ளிவாசலும், நம் தமிழ் மக்கள் வழிபடும் ஒரு கோயிலும் வேறு பல சமயத்தாரின் தலங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆனால் அது பிரதான நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. பெட்டிகளுடன் அங்கே போய்வர நேரமில்லை.

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பின் வரிசையில் அமர்ந்திருந்த சிறு பையன், "ஹஜ்ரத், ஒரு வண்டியை விட்டுட்டா என்ன?" என்று கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ விடை கிடைத்து விட்டது. ஏழரைக்கு இன்டர்லாக்கன் ஓஸ்டில் இறங்குகிறோம். அப்போது இஷாவுடைய வக்து நுழைந்திருக்கும். பயணமும் முடிந்திருக்காது. காத்திருக்கும் இணைப்பு வண்டியில் ஓடிப்போய் ஏறாமல் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டால், மக்ரிப் மூன்று ரக்அத்தும் இஷா இரண்டு ரக்அத்தும் நிதானமாகத் தொழுதுவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். மக்ரிபுடைய வக்து முடியுமுன், வண்டியில் இருக்கும்போதே பிற்படுத்தும் நிய்யத்தை வைத்துக்கொள்ள மறக்கக்கூடாது. அவ்வளவுதான். லாத்தாவின் முழங்காலுக்கும் அந்த இடைவெளி ஓய்வாகும்.

ஹனபீ மத்ஹபைச் சேர்ந்த வாசகர்களுக்கு இதே பயணத்தில் ஏற்பாடு வேறாக அமையும். அவர்களுக்கு ஹஜ்ஜில் அரஃபாத்திலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி இரண்டு வக்துகளை ஒரே வக்தில் சேர்த்துத் தொழுவது இல்லை. ளுஹரை விமானத்திலோ இடையில் இறங்கும் நிலையத்திலோ அதன் வக்துக்குள் தொழுதாக வேண்டும். ஆறரை மணியளவில் பெர்னில் இறங்கியதும் மக்ரிபைத் தொழுதுகொள்ள வேண்டும். விடவேண்டிய வண்டி அவர்களுக்கு அங்கேதான். இஷாவை வெங்கன் போய்த் தொழலாம். பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் தங்கும் எண்ணமிருந்தால் அங்கே நான்கு ரக்அத்து. அவரவர் பயணத்துக்கு ஏற்ப உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள்.

கிப்லாவையும் சொல்லிவிட வேண்டும். லாத்தா வாழ்நாள் முழுவதும் மேற்கு நோக்கித் தொழுதவர். அங்கே மக்கா தென்கிழக்கில் இருக்கிறது. கைபேசி குளிரில் அணைந்துவிட்டால் பயன்படும் என்று சிறிய திசைகாட்டி ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

எந்தச் சீட்டு வாங்குவது?

வண்டியை விடுவது என்று முடிவு செய்தபின் சீட்டைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று. அந்நாட்டில் ஒரு நன்மை: மூன்று தனித்தனி ரயில் நிறுவனங்களின் பாதையில் போனாலும் புறப்படும் இடம் முதல் சேரும் இடம் வரை ஒரே சீட்டுப் போதும். சாதாரணச் சீட்டுக்கு இன்ன வண்டி என்ற கட்டுப்பாடு இல்லை. அன்றைய நாளில் எந்த வண்டியிலும் ஏறலாம். ஆனால் விலை குறைத்து விற்கப்படும் சிக்கனச் சீட்டுகள் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். முன்னதாக வாங்கினால் பணம் மிச்சமாகும் என்று மருமகன் அதைத்தான் வாங்க இருந்தார். வேண்டாமென்று தடுத்தேன். அதற்குப் பதிலாக, வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு மாதத்துக்கு ரயில், பேருந்து, படகுக் கட்டணங்களைப் பாதியாக்கும் அட்டை ஒன்று விற்கிறார்கள். மூன்று வாரம் தங்குகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும். சீட்டுக் குறைந்த விலையில் கிடைத்து, தொழுகை நெருக்கடிக்கு உள்ளாகுமானால் அந்த மிச்சத்தால் என்ன பயன்?

தடுக்கி விழக்கூடிய இடங்கள்

மருமகன் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கைகள் இரண்டு. ஒன்று, இன்டர்லாக்கன் என்ற பெயரில் இரண்டு நிலையங்கள் உண்டு. பெர்னிலிருந்து வரும்போது முதலில் வருவது வெஸ்ட். நாம் இறங்க வேண்டியது கடைசியில் வரும் ஓஸ்ட். ஊர்ப் பெயரைக் கண்டதும் அவசரப்பட்டு இறங்கிவிடக்கூடாது. இரண்டு, ஓஸ்டிலிருந்து புறப்படும் மலை வண்டி வழியில் ஸ்வைலுட்சினன் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி லௌட்டர்புருன்னனுக்கும் மறுபகுதி கிரிண்டல்வால்டுக்கும் போகும். ஒரே வண்டிதானே என்று கண்ட பெட்டியில் ஏறினால் வேறொரு பள்ளத்தாக்கில் போய் இறங்க நேரிடும். பெட்டியின் மேலுள்ள பலகையைப் படித்துவிட்டு ஏற வேண்டும். லாத்தாவுக்கு அந்நாட்டு எழுத்து படிக்கத் தெரியாது. ஆகவே இரண்டு ஊர்களின் பெயர்களையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஒன்றைப் பச்சை மையிலும் மற்றொன்றைச் சிவப்பு மையிலும் கொடுத்திருக்கிறேன். பச்சை நம் பெட்டி. எனக்கு ஏதேனும் ஆகிவிட்டாலும் அவர் தனியே போய்ச் சேர வேண்டும் அல்லவா?

குளிரும் உடையும் உணவும்

அங்கே அம்மாதத்தில் உறைபனிக் குளிர். உளூச் செய்யும்போது காலைக் கழுவுவது சர்க்கரை நோயாளிக்குச் சிரமம். இதற்கு மார்க்கம் தரும் எளிய வழியை நாம் பெரும்பாலும் பாடத்தில் படிப்பதோடு விட்டு விடுகிறோம். முழு உளூவுடன் தோல் காலுறையை அணிந்துகொண்டால், பின்னர் உளூ முறிந்து மீண்டும் செய்யும்போது காலைக் கழுவாமல் அதன்மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்தால் போதும். நீண்ட பயணத்தில் உள்ளவருக்கு மூன்று பகல் மூன்று இரவு; ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு. லாத்தாவுக்கு ஒரு ஜோடி வாங்கியாயிற்று. நிபந்தனைகளையும் சொல்லிக் கொடுத்து, வீட்டிலேயே இரண்டு நாள் பழகச் செய்தேன்.

நம் சகோதரிகள் அறிய வேண்டிய சட்டம் ஒன்றும் உண்டு. பொது இடங்களில் முகத்தை மறைக்கும் உடைக்கு அந்நாட்டில் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை இருக்கிறது. மீறினால் 1000 பிராங்க் வரை அபராதம். தலையையும் உடலையும் மறைக்கும் பர்தாவுக்குத் தடையில்லை. குளிருக்காகக் கம்பளித் துணியால் முகத்தைச் சுற்றிக் கொள்வதும் விலக்கப்பட்டதன்று. முகத்திரை அணியும் வழக்கமுள்ளவர்கள் பயணத்துக்கு முன்பே இதை யோசித்து முடிவு செய்துகொள்வது நல்லது.

உணவு விஷயத்தில்தான் லாத்தாவுக்கு வருத்தம். மகனுக்குப் பிடித்த ஆட்டிறைச்சி ஊறுகாயைப் பெரிய பாட்டில் நிறையப் போட்டு வைத்திருந்தார். நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் அங்கே கொண்டுபோகத் தடை என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. மயக்கமூட்டாமல் அறுப்பதை அந்நாட்டில் 1893-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டார்கள். நம் முறைப்படி அப்படி அறுத்த ஆட்டிறைச்சி அங்கே வெளிநாடுகளிலிருந்து வந்தாக வேண்டும். அதனால் அந்த ஊறுகாய் மகனுக்கு எவ்வளவு அருமையாக இருந்திருக்கும் என்பது தாய்க்குத் தெரியாதா? இப்போது எலுமிச்சை ஊறுகாயும் இடியாப்ப மாவும் மசாலாப் பொடிகளும் பெட்டியில் ஏறியிருக்கின்றன. இறைச்சி ஊறுகாய்க்குப் பக்குவம் சொல்லித் தருவதாக மகனிடம் தொலைபேசியில் உறுதி கூறிவிட்டார்.

வழியில் உண்பதற்கு ரொட்டி, பேரீச்சம்பழம், தண்ணீர். அங்கே குளிர்காலக் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியது. வெங்கனில் இரவு ஒன்பது என்றால் லாத்தாவின் உடம்புக்கு அது நள்ளிரவு ஒன்றரை. இன்சுலினை எந்த நேரக் கணக்கில் போடுவதென்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறோம். மருந்து முழுவதும் கைப்பையில்தான். பெரிய பெட்டியில் இல்லை.

எங்கே நிறுத்திக் கொள்வது?

பகலில் அரை மணிக்கொன்றாக ஓடும் மலை வண்டிகள் இரவு ஏற ஏறக் குறைந்து விடுகின்றன. ஆகவே நான் வகுத்துக்கொண்ட விதி இது: ஒரு வண்டியைத் தொழுகைக்காக விட்டபின்பும், கடைசி வண்டிக்கு முன்னால் குறைந்தது இரண்டு வண்டிகள் கையிருப்பில் இருக்க வேண்டும். விமானம் தாமதித்தாலோ பெட்டி வரத் தாமதமானாலோ இந்தக் கையிருப்பு கரையும். மாலை ஏழு மணிக்குள் ஜூரிச்சில் வண்டி ஏற முடியாவிட்டால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுவது, மலைக்குப் போவதில்லை. விமான நிலையத்துக்கு அருகில், நாளன்று மாலை வரை கட்டணமின்றி நீக்கிக்கொள்ளக்கூடிய விதத்தில் ஓர் அறையையும் பதிவு செய்து வைத்திருக்கிறோம்.

இதை லாத்தாவிடம் சொல்வதற்குத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. முதலிலேயே மறுத்தவர் ஆயிற்றே! ஆனாலும் சொல்லாமல் கூட்டிப்போய், அங்கே நிலையத்தில் வைத்து வாதிடுவது முறையன்று. ஒருநாள் அஸருக்குப் பின் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். சாலையில்லாத ஊர், கடைசி வண்டி, உறைபனி, அவருடைய உடல்நிலை. கேட்டுக்கொண்டே இருந்தார். தஸ்பீஹ் மணிகள் மட்டும் நகர்ந்தன. பிறகு கேட்டார்:

"ஏழு மணின்னா ஏழு மணிதானா தம்பி? ஒரு அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன?"

"ஏழு மணிதான் லாத்தா."

"சரி. அது அல்லாஹ்வோட நாட்டம்னு எடுத்துக்கிறேன். ஆனா அந்த ராத்திரி அவனோட போன்ல பேசிக்கிட்டே இருப்பேன். நீ தூங்கச் சொல்லக்கூடாது."

ஒப்புக்கொண்டேன்.

சகோதர சகோதரிகளே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்பை ஒப்படைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்கு அறிவுறுத்தியதை நாம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். திட்டமிடுதல் என்றால் ஒரு நிமிடமும் வீணாகாமல் நாளை இறுக்கிக் கட்டுவது என்றே பலர் எண்ணுகிறார்கள். அப்படிக் கட்டப்பட்ட நாளில் முதலில் நெருக்கப்படுவது தொழுகை. அடுத்து நெருக்கப்படுபவர்கள் முதியவர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தாயையோ தந்தையையோ நெடுந்தூரம் அழைத்துச் செல்லும் நாள் வரலாம். அது சுவிட்சர்லாந்தாக இருக்க வேண்டியதில்லை; நாகூராகவோ வேலூர் மருத்துவமனையாகவோ இருக்கலாம். அட்டவணையை எடுத்ததும் முதலில் தொழுகை நேரங்களைக் குறியுங்கள். இரண்டாவதாக, அவர்கள் படியேறும் வேகத்தைக் குறியுங்கள். மூன்றாவதாக, எந்த நேரத்துக்குமேல் பயணத்தை நிறுத்திக் கொள்வது என்பதைக் குறித்து, அதை அவர்களிடமே சொல்லி ஒப்புதல் பெறுங்கள். வண்டிகளை அதன்பின் தேடுங்கள். ஒரு வண்டியை விட்டுவிட்டால் இன்னொன்று வரும்.

எங்கள் ஏற்பாடுகள் முடிந்து விட்டன. எஞ்சியது விசாவும் அல்லாஹ்வின் நாட்டமும்தான். இன்ஷா அல்லாஹ், ஜனவரியின் அந்தக் குளிர்ந்த இரவில் ஒரு தாய் தன் மகனின் முகத்தைக் காணவும், வழியில் எங்கள் தொழுகைகள் வக்து தவறாமல் நிறைவேறவும் உங்கள் துஆக்களில் எங்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.